பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

கலிஃபோர்னியாவில் கார்மெல் ஊரைத் தாண்டி ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஐந்து கிலோமீட்டர் போனால் வலப்பக்கம் பாயிண்ட் லோபோஸ் என்று ஒரு பலகை வரும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனை. தரைப்பரப்பு சுமார் 550 ஏக்கர்தான். ஸ்பானியர்கள் அதற்குக் கடல் ஓநாய்களின் முனை என்று பெயர் வைத்தார்கள். ஓநாய் எதுவும் அங்கே கிடையாது. பாறைகளில் புரண்டு கிடந்து ஓயாமல் குரைக்கும் கடல் சிங்கங்களைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, புதிதாக வாங்கிய காமெராவோடு அங்கே போனேன். சான் ஹோசேயில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். என் மனைவி காரை ஓட்டினாள். பின் இருக்கையில் ஐந்து வயது மகள். மதியம்வரை மூடுபனி விலகவில்லை. அதனால் என்ன என்று சுட்டுத் தள்ளினேன். மாலையில் எண்ணிப் பார்த்தால் 412 படங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, 412ம் தபால் அட்டைகளாக இருந்தன. எல்லாவற்றிலும் கடல் இருந்தது, மரம் இருந்தது, பாறை இருந்தது. ஆனால் நான் எதையும் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

அந்த முனையின் தென்பக்கத்தில் ஒரு சிறு கடற்கரைக்கு 'வெஸ்டன் பீச்' என்று பெயர். கடற்கரை என்றால் மெரீனா மாதிரி மணல் அல்ல. கூழாங்கற்கள், மடிப்பு மடிப்பாய்ச் சரிந்த பாறைகள், நடுநடுவே தேங்கி நிற்கும் கடல்நீர்க் குட்டைகள். யார் இந்த வெஸ்டன் என்று தேடப்போய், நூலகத்தில் ஒரு கனமான படப்புத்தகம் கிடைத்தது. நான் நின்ற அதே இடம், அதே பாறை. ஆனால் நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து எட்வர்ட் வெஸ்டனைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அவர் சென்ற வழிகளைப் பற்றியது.

வெஸ்டன் 1886ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். 16 வயதில் அப்பா ஒரு கோடாக் பெட்டிக் காமெராவை வாங்கி அனுப்பியதிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. 1906ல் கலிஃபோர்னியாவுக்கு வந்து, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சிறிய ஸ்டூடியோ ஒன்றை வைத்தார். வந்தவர்களின் சுருக்கங்களை நெகடிவில் பென்சிலால் தடவி மறைத்து, முகத்தை மொழுமொழுவென்று ஆக்கித் தருவதுதான் வயிற்றுப்பாடு. அந்தக் காலத்தில் 'கலை' என்று பெயர் வாங்கிய படங்களும் மங்கலாக, ஓவியத்தைப் போல் தோன்றும்படி எடுக்கப்பட்டவையே. அவரும் அப்படித்தான் எடுத்தார், பரிசுகளும் வாங்கினார். 1922ல் ஒஹையோவில் ஓர் எஃகு ஆலையின் புகைபோக்கிகளைப் படம் எடுத்தது ஒரு திருப்பம். அடுத்த ஆண்டு டினா மொடோட்டியோடு மெக்சிகோ போனார். திரும்பி வந்தபோது மங்கல் போயிருந்தது. சங்கு, குடைமிளகாய், முட்டைக்கோஸ் இலை என்று கையில் கிடைத்ததை எல்லாம் கூர்மையாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். 1930ல் எடுத்த 30ஆம் எண் குடைமிளகாயைப் புகைப்படக் கலை பற்றிய எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தது அது.

1929ல் கார்மெலுக்குக் குடிவந்தார். பாயிண்ட் லோபோஸ் அவர் வாழ்க்கைக்குள் வந்தது அப்போதுதான்.

அந்த இடம் அதற்குள் பல பிறவிகள் எடுத்து முடித்திருந்தது. 1850களில் சீன மீனவர்கள் அங்கே குடிசை போட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் தரைக்கட்டைகளுக்கு அடியில் திமிங்கல முதுகெலும்பை முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். பிறகு போர்ச்சுக்கீசியத் திமிங்கல வேட்டைக்காரர்கள். பிறகு அபலோன் சிப்பியை டப்பாவில் அடைக்கும் ஆலை. பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1890களில் நிலத்தைக் கூறு போட்டு வீட்டுமனைகளாக விற்கவும் ஆரம்பித்திருந்தார்கள். 1898ல் ஆலன் என்ற பொறியாளர் அந்த இடத்தை வாங்கினார். வாங்கிய பின் அவரும் அவர் மனைவியும் செய்த காரியம் விசித்திரமானது. ஏற்கெனவே விற்றுப்போயிருந்த மனைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திரும்ப வாங்கினார்கள். அவர் இறந்த பின், 1933ல் குடும்பத்தாரிடமிருந்து மாநில அரசு நிலத்தை வாங்கிக் காப்பிடமாக்கியது. சைப்ரஸ் தோப்பைக் குடும்பம் இலவசமாகக் கொடுத்தது. மான்டரே சைப்ரஸ் என்ற அந்த மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது இரண்டு தோப்புகளில்தான். ஒன்று இங்கே, இன்னொன்று விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெபிள் பீச்சில். ரியல் எஸ்டேட் விளம்பரங்களுக்கு நடுவே வாழும் நமக்கு, மனைகளை வாங்கித் தோப்பாகவே விட்ட ஒரு பொறியாளரின் கதை கொஞ்சம் ஆறுதலானது. வெஸ்டனின் படங்களுக்கு முன்னால் இது இருந்திராவிட்டால், அவர் எடுப்பதற்குப் பங்களாக்கள்தான் மிஞ்சியிருக்கும்.

இனிக் கொஞ்சம் தொழில்நுட்பம். பொறியியல் படித்த பாவத்துக்கு இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

வெஸ்டனின் காமெரா எட்டுக்குப் பத்து அங்குலம். அதாவது ஃபிலிமே அந்த அளவு, ஒரு நோட்டுப்புத்தகத் தாள் போல. பின்னால் ஒரு சொரசொரப்பான கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் காட்சி அதில் தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியும். பார்த்துச் சரிசெய்தபின் ஃபிலிம் அடைத்த சட்டத்தைச் செருக வேண்டும். ஒரு சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டே தாள்கள். இருட்டறைக்குப் போனால் நெகடிவைத் தாளின்மேல் நேராக ஒட்டவைத்து, மேலே ஒரு மின்விளக்கைப் போட்டுப் பிரதி எடுப்பார். பெரிதாக்கும் கருவி கிடையாது. ஆகவே ஓரத்தை வெட்டித் திருத்துவதும் இல்லை. படம் என்னவாக வரவேண்டும் என்பதைக் கடற்கரையில் நிற்கும்போதே, தலைகீழ்ப் பிம்பத்தைப் பார்த்து முடிவு செய்தாக வேண்டும். அமிடால் என்ற ரசாயனத்தில் கழுவிக் கழுவி அவர் விரல் நகங்கள் கறுத்திருக்கும்.

சரி, எதற்கு இவ்வளவு பெரிய காமெரா? காலடியில் உள்ள கூழாங்கல்லும் பத்தடி தள்ளி உள்ள பாறையும் ஒரே படத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றால் லென்ஸின் துளையைச் சிறிதாக்க வேண்டும். ஃபிலிம் பெரிதாக ஆக இது இன்னும் அவசியம். அதனால் அவரும் நண்பர்களும் எஃப் 64 என்ற மிகச் சிறிய துளையைப் பயன்படுத்தினார்கள். 1932ல் ஆன்சல் ஆடம்ஸ் முதலியவரோடு சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் கண்காட்சி வைத்தபோது குழுவுக்கே அந்த எண்ணைப் பெயராக வைத்தார்கள். 300 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள லென்ஸில் இது ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை. நம் காமெராவில் இப்படிச் செய்தால் படம் பாழ். சிறிய துளையில் நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து விரியும். ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் வட்டமாக விழும். எஃப் 64ல் அந்த வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். இன்றைய காமெராவின் சென்சார் தபால்தலை அளவுதான். அதை எட்டு மடங்கு பெரிதாக்கினால்தான் வெஸ்டனின் பிரதி அளவுக்கு வரும். பெரிதாக்கினால் அந்த வட்டமும் முக்கால் மில்லிமீட்டராகிக் கண்ணுக்கு உறுத்தும். வெஸ்டனோ பெரிதாக்கவே இல்லை. கையில் வைத்துப் பார்க்கும்போது நம் கண்ணால் பிரித்தறிய முடிவது சுமார் 0.1 மில்லிமீட்டர்வரை. ஆக, அவருடைய மங்கல் நம் கண்ணின் எல்லைக்குச் சற்றே இந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. அவர் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார் என்று தோன்றவில்லை. ஆனால் கணக்குச் சரியாக வருகிறது.

விலை என்னவென்றால் நேரம். துளை சிறிதானால் ஒளி குறைவு, ஃபிலிமைத் திறந்துவைக்கும் நேரம் அதிகம். வீட்டுக்குள் எடுத்த மிளகாய்ப் படங்களுக்கு மணிக்கணக்கில் ஆனது. வெளியில் நொடிக்கணக்கு என்றாலும், அந்த நொடிகளில் காற்று அடித்துக் கடற்பாசி அசைந்தால் போயிற்று. அதனால்தானோ என்னவோ, அசையாத பாறையும் வேரும் அவர் படங்களில் அதிகம். அலை வரும் படங்களிலும் அலையைவிட அது விட்டுப்போன நுரையின் கோடுதான் நினைவில் நிற்கிறது.

1934ல் சாரிஸ் வில்சன் வந்தார். வெஸ்டனைவிட 28 வயது இளையவர், எழுத்தாளர் ஹாரி லியோன் வில்சனின் மகள். வெஸ்டனின் பயணங்களைப் பற்றி வீட்டில் அளந்துகொண்டிருந்தபோது என் மனைவி, "அது சரி, கார் ஓட்டியது யார்?" என்று கேட்டாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் சரியான கேள்வி அது. வெஸ்டன் கார் ஓட்டமாட்டார். ஓட்டியவர் சாரிஸ்.

ஓட்டியது மட்டுமல்ல. 1936ல் குகன்ஹைம் அறக்கட்டளையின் நல்கைக்கு வெஸ்டன் விண்ணப்பித்தபோது, அமெரிக்க மேற்கைப் படம் எடுக்க விரும்புகிறேன் என்ற அளவில் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டார். இது போதாது, விவரமாக எழுதுங்கள் என்று பதில் வந்தது. விரிவான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் சாரிஸ். 1937ல் 2,000 டாலர் கிடைத்தது. ஒரு புகைப்படக்காரருக்கு அந்த நல்கை கிடைத்தது அதுவே முதல் முறை. புதிதாக ஒரு ஃபோர்டு காரை வாங்கினார்கள். மோட்டார் சங்கத்தின் 'வெஸ்ட்வேஸ்' பத்திரிகை மாதம் 50 டாலருக்கு எட்டுப் பத்துப் படங்கள் கேட்டது. கூடாரம், டின் உணவு, ஃபிலிம் பெட்டிகள் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

சாரிஸ் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் கணக்கு வைத்திருக்கிறார். முதல் 12 மாதங்களில் 17 பயணங்கள், 16,697 மைல்கள், 1,260 நெகடிவ்கள். வகுத்துப் பார்த்தேன்: 13 மைலுக்கு ஒரு படம், நாளொன்றுக்கு மூன்றரைப் படம். என் ஒரு சனிக்கிழமை அவருக்கு ஏறத்தாழ நான்கு மாதம்.

அந்த வருடம் மரண வேலி, மொஹாவி பாலைவனம், டெனாயா ஏரிக்கரை, வடக்கே செம்மரக் காடுகள், மூடுபனி படர்ந்த கடலோரம் எல்லாம் சுற்றினார்கள். கார்மெலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையே மலைவிளிம்பைக் குடைந்து போட்ட கடற்கரைச் சாலை திறக்கப்பட்டதும் 1937ல்தான். இன்று பிக் சர் வழியாகப் போகும் எல்லோரும் நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்கும் அதே சாலை. அழகான இடங்களை மட்டுமே அவர் எடுத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. மொஹாவியில் வெட்டவெளியின் நடுவே 'சூடான காபி' என்று எழுதிய கோப்பை வடிவப் பலகை ஒன்று நிற்கும் படம் இருக்கிறது. கொலராடோ பாலைவனத்தில் வழியில் இறந்து கிடந்த ஒரு மனிதரின் முகமும் இருக்கிறது. அதைப் பாறையை எடுப்பதுபோலவே எடுத்திருக்கிறார். எனக்கு அந்தப் படத்தை நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஆன்சல் ஆடம்ஸ் அவர்களைச் சியரா மலைகளின் உயரத்துக்கு, எடிசா ஏரிக்கு அழைத்துப் போனார். கொசுக்கடி தாங்காமல் தலையோடு துணியைச் சுற்றிக்கொண்டு, களைத்துப்போய்ப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சாரிஸின் படம் அங்கே எடுத்ததுதான். விமர்சகர்கள் அதில் என்னென்னவோ ஆழங்களைக் கண்டிருக்கிறார்கள். சாரிஸோ பின்னாளில் களைப்பையும் கொசுவையும் பற்றித்தான் எழுதினார். யோசெமிட்டிக்குத் திரும்பிய அன்றிரவே ஆடம்ஸின் இருட்டறையில் தீப்பிடித்து அவருடைய நெகடிவ்களில் ஒரு பகுதி எரிந்துபோனது. இன்று 'க்ளவுட்'டில் மூன்று பிரதிகள் வைத்திருக்கும் நமக்கு அதன் வலி புரியுமா தெரியவில்லை.

பயணத்தின் விளைவாக 1940ல் 'கலிஃபோர்னியாவும் மேற்கும்' என்ற புத்தகம் வந்தது. படங்கள் 96. உரை முழுவதும் சாரிஸ் எழுதியது. அதாவது, அவர் பெயர் அட்டையில் இருந்தது. ஆனால் அதே காலத்தில் புகைப்படப் பத்திரிகைகளில் வெஸ்டன் பெயரில் வெளியான பல கட்டுரைகளையும் எழுதியவர் தாமே என்று சாரிஸ் 1998ல் வந்த தம் நினைவுநூலில் சொன்னார். வெஸ்டனின் கலைக்கொள்கை என்று மாணவர்கள் மேற்கோள் காட்டிய வாக்கியங்களில் சில, ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்தவை. அவருடைய கருத்துகள்தாம், சந்தேகமில்லை. என்றாலும் கருத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாரிஸை இன்றும் பலர் 'வெஸ்டனின் மாடல்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நியாயம் என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1930கள் அமெரிக்காவின் பஞ்ச காலம். வேலையில்லை, மத்திய மாநிலங்களில் மண் புழுதியாகப் பறந்தது, குடும்பம் குடும்பமாக மக்கள் கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்க வந்தார்கள். 1936 மார்ச்சில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து பயிர் கருகியதால் வேலையின்றிக் கிடந்த ஒரு தாயை டோரத்தியா லேங் படம் எடுத்தார். இரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள், மோவாயில் கை வைத்தபடி தாய். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதே 1936ல்தான் வெஸ்டன் ஓஷியானோவின் மணல்மேடுகளைப் படம் எடுத்தார். நிப்போமோவிலிருந்து ஓஷியானோ பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஒருவர் கூடாரத்தில் பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் மணலில் விழும் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உலகம் நொறுங்கிக்கொண்டிருக்கும்போது வெஸ்டனும் ஆடம்ஸும் பாறைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று கார்ட்டியே பிரெஸ்ஸோன் குறைபட்டதாகச் சொல்வார்கள்.

இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நிப்போமோவின் படம் அரசு நிவாரணத்தை வரவழைத்தது, மணல்மேட்டின் படம் யாருக்கும் சோறு போடவில்லை. ஆனால் அந்த மணல்மேடுகளில் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது. 1960களில் அங்கே அணு மின்நிலையம் கட்டத் திட்டமிட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்து, நிலையம் வேறு இடத்துக்குப் போனது. வெஸ்டனின் படங்கள்தாம் அதைக் காப்பாற்றின என்று சொன்னால் அது மிகை. வெறும் மணல்தானே என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நம் மரபில் கடற்கரை என்றால் நெய்தல், நெய்தல் என்றால் இரங்கல். பாலை என்றால் பிரிவு. நிலத்தைப் பார்த்தவுடனே அதற்குரிய மனநிலையும் சேர்ந்து வந்துவிடும். வெஸ்டனைப் புரிந்துகொள்ள எனக்கு இருந்த பெரிய தடையே இதுதான். அவர் கடற்கரைப் படங்களில் ஏக்கத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாறை பாறையாகவே இருக்க வேண்டும், ஆனால் நாம் அதுவரை பார்த்த பாறையாக இருக்கக் கூடாது என்பதே அவர் பிடிவாதம். வெஸ்டன் பீச்சின் பாறைகள் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றில் படிந்தவை. மணலும் கூழாங்கற்களும் சேர்ந்து இறுகி, பிறகு மேலே தள்ளப்பட்டவை. பழைய ஆறுகள் உருட்டிய கற்கள் மணற்பாறைக்குள் பலகாரத்தில் முந்திரி போலப் பதிந்திருக்கும். அலை அரிக்க அரிக்க அவை விடுபட்டு மறுபடி கூழாங்கல்லாகின்றன. அதாவது, ஒரே கல் இரண்டாம் முறை உருள்கிறது. இந்த விவரம் எதுவும் தெரியாமல் அவர் படத்தைப் பார்த்தாலும், பாறைக்குள் இருக்கும் கல்லும் வெளியே கிடக்கும் கல்லும் ஒன்று என்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

1938ல் கார்மெலுக்குத் தெற்கே, சாரிஸின் தந்தைக்குச் சொந்தமான நிலத்தில் மகன் நீல் ஒரு மரவீடு கட்டிக் கொடுத்தார். பெரிய ஒற்றை அறை, பக்கத்தில் இருட்டறை, ஏராளமான பூனைகள். வைல்ட்கேட் ஹில் என்று பெயர். அங்கிருந்து பாயிண்ட் லோபோஸ் பக்கம். 1941ல் விட்மனின் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்குப் படங்கள் எடுக்க நாட்டின் குறுக்கே இன்னொரு நீண்ட பயணம் போனார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலோடு அது பாதியில் நின்றது. போர்க்காலத்தில் பாயிண்ட் லோபோஸை ராணுவம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. வெஸ்டன் எதிரி விமானம் வருகிறதா என்று கடலைப் பார்த்து நிற்கும் தன்னார்வ வேலை செய்தார். வேறு வழியில்லாமல் வீட்டுப் பூனைகளைப் படம் எடுத்தார்.

கதவு மறுபடி திறந்தபோது சாரிஸ் போய்விட்டிருந்தார். 1946ல் மணமுறிவு. அதே ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. அதற்குள் பார்க்கின்சன் நோய் தொடங்கியிருந்தது. அந்த வருடங்களில் கோடாக் நிறுவனத்துக்காக அதே முனையை வண்ணத்திலும் எடுத்திருக்கிறார். சைப்ரஸ் மரத்தின் பட்டையில் காவியும் செம்மஞ்சளுமாய் ஒரு படலம் படர்ந்திருக்கும். பார்த்தால் துரு போலிருக்கும், உண்மையில் பச்சைப்பாசி வகையைச் சேர்ந்தது. உடலில் உள்ள கரோட்டினால் அந்த நிறம். இத்தனை காலம் கறுப்பு வெள்ளையில் அந்த மரங்களை எடுத்துவந்தவர் அறுபது வயதில் அந்த நிறத்தை ஃபிலிமில் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

1948ல் பாயிண்ட் லோபோஸில் கடைசிப் படம். பாறைகளும் கூழாங்கற்களும். அடிவானம் இல்லை, அலை இல்லை, மரம் இல்லை. சிதறிக் கிடக்கும் கற்கள், நடுவே கறுத்த பாறைத் துண்டுகள். அதற்குப் பிறகு சட்டத்தைச் செருகக் கை நிற்கவில்லை.

இன்னும் பத்தாண்டுகள் இருந்தார். கண் நன்றாக இருந்தது, கைதான் இல்லை. இருட்டறையில் மகன் ப்ரெட் பிரதி எடுக்க, அப்பா பார்த்துச் சரி சொன்னார். வாழ்நாள் நெகடிவ்களிலிருந்து 800க்கும் மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எட்டுப் பிரதிகள் எடுத்தார்கள். இளைய மகன் கோல், பிற்காலத்தில் அப்பாவின் நெகடிவ்களைப் பிரதி எடுப்பதையே தொழிலாகக் கொண்டார். ப்ரெட்டோ வேறு மாதிரி. தன் நெகடிவை இன்னொருவர் தொடக் கூடாது என்று 1991ல் தன் எண்பதாவது பிறந்தநாளில் தன் நெகடிவ்களைக் கணப்பில் போட்டு எரித்தார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் ஒரே கேள்விக்குச் சொன்ன இரண்டு பதில்கள். இதில் யார் பக்கம் என்று கேட்டால் நான் கோல் பக்கம். கோல் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இந்தப் படங்களின் நேரடிப் பிரதிகளைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இன்னும் குறைந்திருக்கும்.

1958 ஜனவரி 1 அன்று வைல்ட்கேட் ஹில்லில் வெஸ்டன் இறந்தார். வங்கியில் 300 டாலர் இருந்ததாம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2008ல், அவருடைய ஒரு படம் நியூயார்க் ஏலத்தில் 16 லட்சம் டாலருக்குப் போனது. அவர் அஸ்தியை மகன்கள் பாயிண்ட் லோபோஸில், அப்போது பெபிளி பீச் என்று அழைக்கப்பட்ட கரையில் கடலில் கரைத்தார்கள். பெயர் பிறகு மாறியது. சாரிஸ் 2009 வரை வாழ்ந்தார்.

போன மாதம் மறுபடி அங்கே போனோம். இந்த முறை எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன்: 12 படங்கள், அதற்கு மேல் இல்லை. ஏழு எடுத்தேன். மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. குட்டைகளில் தண்ணீர் வற்றுவதையும், ஈரம் காயக் காயப் பாறையின் கறுப்பு சாம்பலாவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழில் ஒன்று பரவாயில்லை என்றாள் மனைவி.

கிளம்பும்போது மகளின் சட்டைப்பை கனத்திருப்பதைக் கவனித்தேன். ஒன்பது வயது இப்போது. கையை விட்டுப் பார்த்தால் ஒரு கூழாங்கல், கோழி முட்டை அளவு, நடுவில் வெள்ளைக் கோடு. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. எங்கே எடுத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எங்காவது போட்டுவிடு என்றேன். எங்காவது போட்டால் தப்பு, எடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். குனிந்தபடி ஒவ்வொரு குட்டையாகத் தேடிக்கொண்டு போனாள். என் மனைவி கார் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டாள்.